சான்று பெற்ற வைஃபை மாட்யூல் போட்ட லாகர்: அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு மறுபடி டெஸ்ட் வேண்டுமா?

ஈரோடு_போர்டு:
வணக்கம். குளிர்பதனக் கிடங்குக்கான வெப்பநிலை லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி). ஈஎஸ்பி32 வைஃபை மாட்யூல், 24 வோல்ட்டை 3.3 ஆக இறக்கும் 500 கிலோஹெர்ட்ஸ் பக் கன்வெர்ட்டர், 2 மீட்டர் ஆர்எஸ்-485 தரவுக் கேபிள், பிளாஸ்டிக் பெட்டி. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. மாட்யூலுக்கு எஃப்சிசி (அமெரிக்கா), சிஇ (ஐரோப்பா) சான்று இரண்டும் இருப்பதால் முழுப் பொருளுக்கு டெஸ்ட் வேண்டாம் என்கிறார் வாங்குபவர். சரியா? 3 மீட்டர் சேம்பரில் (கதிர்வீச்சை அளக்கும் அறை) ப்ரீ-ஸ்கேன் (முன்னோட்டச் சோதனை) எடுத்ததில் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 42 டிபி மைக்ரோவோல்ட்/மீ வருகிறது. இது பாஸா? பிசிபி ஆன்டெனாவுக்குப் பதில் 3 டிபிஐ வெளி ஆன்டெனா போடலாமா?

அலைவரிசை:
சரியல்ல. எஃப்சிசி மாட்யூலர் கிராண்ட் (மாட்யூலுக்குத் தந்த அனுமதி) ரேடியோவுக்கு மட்டும்தான் பொருந்தும். உங்கள் பக், கேபிள் எல்லாம் சேர்ந்த முழுப் பொருளுக்கு பார்ட் 15 சப்பார்ட் பி (தேவையற்ற கதிர்வீச்சுக்கான எஃப்சிசி விதி) சோதனை செய்து, எஸ்டிஓசி (சுய அறிவிப்பு) முறையில் நீங்களே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் அமெரிக்க முகவரியுள்ள பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம். வாங்குபவரே அதற்கு ஒப்புக்கொள்கிறாரா என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள், கடைசியில் இதில்தான் ஷிப்மென்ட் நிற்கும். பெட்டியின் மேல் மாட்யூலின் ஐடியோடு 'கன்டெய்ன்ஸ் எஃப்சிசி ஐடி' வரி வேண்டும்.

ஐரோப்பாவில் மாட்யூலர் அப்ரூவல் என்ற ஏற்பாடே கிடையாது. மாட்யூலின் இஎன் 300 328 (2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தரநிலை) ரிப்போர்ட்டில் கண்டக்டட் பவர் (ஆன்டெனா முனையில் அளக்கும் பவர்) போன்ற பகுதிகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். ரேடியேட்டட் ஸ்பூரியஸ் (ரேடியோ வெளிவிடும் தேவையற்ற அலைகள்), இஎன் 301 489-1, -17 (மின்காந்த இணக்கத் தரநிலைகள்) ஆகியவற்றை முழுப் பொருளில்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் 42 அமெரிக்காவில் பாஸ், ஐரோப்பாவில் ஃபெயில். கிளாஸ் பி-யில் (வீட்டுப் பயன்பாட்டுக்கான கடுமையான வகுப்பு) 88 முதல் 216 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்சிசி எல்லை 3 மீட்டரில் 43.5. ஐரோப்பிய இஎன் 55032-இல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை 40. இரண்டு சந்தைக்கும் ஒரே போர்டு என்றால் 40-ஐயே எல்லையாக வைத்து, அதற்கும் கீழே 4 டெசிபலாவது இறக்குங்கள். சேம்பருக்குச் சேம்பர், சாம்பிளுக்குச் சாம்பிள் அந்த அளவு வித்தியாசம் வரும். ப்ரீ-ஸ்கேன் பீக் டிடெக்டரில் (உச்ச அளவைக் காட்டுவது) எடுத்ததா? எல்லை குவாசி-பீக்குக்கானது (துடிப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் அளவு), பீக் எப்போதும் அதற்குச் சமமாகவோ மேலாகவோதான் காட்டும்.

ஆன்டெனா: கிராண்டில் சோதித்த அதே வகை, அதே அல்லது குறைந்த கெயின் என்றால்தான் எஃப்சிசி பக்கம் மறு அனுமதி வேண்டாம். ஐரோப்பாவில் கணக்கு வேறு. எல்லை 20 டிபிஎம் இஐஆர்பி (ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பவர்), அதில் ஆன்டெனா கெயினும் சேரும். மாட்யூல் 20 டிபிஎம் தந்தால் 3 டிபிஐ ஆன்டெனாவோடு 23 ஆகிவிடும். ஃபர்ம்வேரில் பவரைக் குறையுங்கள். ஈஎஸ்பி-ஐடிஎஃப்-இல் (ஈஎஸ்பி32-க்கான மென்பொருள் தொகுப்பு) அந்த அளவு 0.25 டிபிஎம் படிகளில், 60 கொடுத்தால் 15 டிபிஎம். சோதனையும் இதே ஃபர்ம்வேரில்தான் நடக்க வேண்டும்.

ஈரோடு_போர்டு:
பீக்தான். ஆர்எஸ்-485 கேபிளைக் கழற்றினால் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள அந்த அகன்ற மேடு 15 டெசிபல் இறங்குகிறது. ஷீல்ட் பெட்டிக்கு மாறலாமா?

செம்புத்தடம்:
பெட்டியை மாற்றாதீர்கள். கதிர்வீசுவது கேபிள், உலோகப் பெட்டிக்குள் போர்டை வைத்தாலும் கேபிள் வெளியேதானே நிற்கும்! 1 மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் காமன்-மோட் கரண்ட் (எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சல் கரண்ட்) ஓடினாலே 3 மீட்டரில் ஏறக்குறைய 105 மைக்ரோவோல்ட்/மீ வரும், எஃப்சிசி எல்லை 100. கரண்ட் கிளாம்பை (கேபிளைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) கேபிளில் மாட்டி மேஜையிலேயே பாருங்கள், சேம்பர் வாடகை மிச்சமாகும்.

முதலில் மூலத்தைப் பிடியுங்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஆர்பிடபிள்யூவை (அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம்) 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்து அந்த மேட்டை விரித்துப் பாருங்கள். 500 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் நின்றால் பக். 40 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒற்றை முட்களாக நின்றால் கிரிஸ்டல் கிளாக். அகன்ற மேடு என்பதால் பக்கின் ஸ்விட்ச் நோட் ரிங்கிங் (ஸ்விட்ச் ஆகும் முனையில் ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் வரும் அதிர்வு) என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் பக் ஐசியின் விஐஎன் (உள்ளீட்டு மின்னழுத்தம்), கிரவுண்ட் பின்களை ஒட்டி 100 நானோ ஃபாரட் செராமிக் இருக்கிறதா பாருங்கள். 10 மைக்ரோ மட்டும் சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அந்த லூப்தான் ரிங் ஆகிறது. அடுத்து பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டருக்குத் (பக்கின் மேல் ஸ்விட்சை இயக்க உதவுவது) தொடராக 5 முதல் 10 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

போதாவிட்டால் ஸ்னப்பர் (ரிங்கிங்கை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி). ரிங்கிங் 150 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்போம். ஸ்விட்ச் நோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போங்கள், ரிங்கிங் 75 ஆகப் பாதியாகும் வரை. அதற்கு 330 பிகோ ஃபாரட் தேவைப்பட்டால், ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸ் (சுற்றில் தானாகவே இருப்பது) அதில் மூன்றில் ஒன்று, 110 பிகோ. அதிலிருந்து இண்டக்டன்ஸ் 10 நானோ ஹென்றி, ரெசிஸ்டர் ஏறக்குறைய 10 ஓம். அதே 330 பிகோவோடு 10 ஓமைத் தொடராக வையுங்கள். 24 வோல்ட், 500 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.095 வாட், ஆகவே சிறிய 0603 அளவு ரெசிஸ்டர் சூடாகும், பெரிய 1206 போடுங்கள்.

கடைசியாகத்தான் ஆர்எஸ்-485 கனெக்டரை ஒட்டி காமன்-மோட் சோக் (அந்த இரைச்சல் கரண்டைத் தடுக்கும் சுருள்). உள்ளே தள்ளி வைத்தால் சோக்குக்கும் கனெக்டருக்கும் இடையிலுள்ள தடம் இரைச்சலை மறுபடி வாங்கிக்கொள்ளும்.

அலைவரிசை:
மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தோடு பேசும் ரேடியோ கருவிகளுக்கு ஆர்இடியின் (ஐரோப்பிய ரேடியோ கருவிச் சட்டம்) சைபர் பாதுகாப்பு விதிகளும் கட்டாயம். அதற்கான தரநிலையான இஎன் 18031-ஐ முழுதாகப் பின்பற்றினால் நீங்களே அறிவித்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டே வைக்காமல் பயன்படுத்த உங்கள் லாகர் அனுமதித்தால் அந்த வழி அடைபடும், நோட்டிஃபைட் பாடியிடம் (ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பு) போக வேண்டியிருக்கும். ஆகவே முதல் தடவை ஆன் செய்யும்போதே பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். அமெரிக்க ஃபர்ம்வேரில் சேனலை 1 முதல் 11 வரை பூட்டுங்கள். பெரும்பாலான மாட்யூல் கிராண்ட்கள் 2462 மெகாஹெர்ட்ஸோடு (சேனல் 11) முடிகின்றன, நாட்டை மாற்றும் மெனுவும் பயனருக்குத் தெரியக்கூடாது.