புதுப்பிப்பு: கணுக்காலைக் கடிக்கும் சிப்பிப்பாறை நாய்க்குட்டி

கடிக்கிறது, ஹாலிலேயே மூத்திரம் போகிறது, ராத்திரி அழுகிறது என்று முன்பு புலம்பியிருந்தேனே, அந்தக் குட்டியின் இப்போதைய நிலவரம் இது.

அழுகை சுலபமாக நின்றது. படுக்கையை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டோம், அவ்வளவுதான்.

கடிதான் பெரிய கதை. கடித்தால் மூக்கில் தட்டுங்கள் என்று அப்போது சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைச் செய்யவில்லை. பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவோம், அரை நிமிடம் கழித்துத் திரும்புவோம். மாமியார் மட்டும் புடவையை இழுத்தால் சிரித்துவிடுவார், அதனால் அவரிடம் சேட்டை தொடர்கிறது. நாலாம் மாதம் பால்பல் விழத் தொடங்கியதும் மறுபடி எல்லாவற்றையும் கடித்தது. ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம், செருப்புகள் தப்பின.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போகிறோம். மூத்திரம் போன உடனே அங்கேயே ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.

பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசித் தவணை முடிய குட்டிக்கு 16 வார வயது ஆக வேண்டும், அதுவரை தெருவில் இறக்க வேண்டாம் என்றார் டாக்டர். சரி என்று தூக்கிக்கொண்டே போய் பஸ் ஹாரன், ஆடு, கோயில் மேளம் எல்லாம் பழக்கினோம். இப்போது பட்டாசுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று.

தீராதது ஒன்று: ஓணானைப் பார்த்துவிட்டால் நாம் கூப்பிடுவது காதில் விழாது. முயல் துரத்திய பரம்பரை, வேறென்ன செய்யும்! நீளக் கயிறு இல்லாமல் அவிழ்த்து விடுவதில்லை. இந்த இனம் வளர்ப்பவர்கள், கூப்பிட்டால் வரப் பழக்கியது எப்படி என்று சொல்லுங்கள்.