வண்டியில் ஸ்பீக்கர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மாற்றியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க. முதலில் என் கதை

திருவான்மியூர்க்காரன்:

என் வண்டி ஒரு சின்ன ஹேட்ச்பேக், 2018 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட எல்லாச் சின்ன வண்டிக்கும் பொருந்தும். முன்கதவு இரண்டிலும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர். பின்கதவில் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடி. நாலு வருடம் குறையே தெரியாமல் அதில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அலுவலக நண்பர் தன் வண்டியில் ஒரு மிருதங்கத் தனியைப் போட்டார். தொப்பியின், அதாவது கனத்த சத்தம் தரும் இடதுபக்கத்தின், அடி நெஞ்சுக்குள் 'தும்' என்று வந்து இறங்கியது. அதே பதிவை என் வண்டியில் போட்டுப் பார்த்தேன். வலதுபக்கமான வலந்தலை மட்டும் டக் டக் என்று கேட்டது. தொப்பி வர வேண்டிய இடத்தில் கதவு 'பர்ர்' என்று நடுங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அடுத்த சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வண்டி நிறுத்த இடம் கிடைக்கவே அரை மணி நேரம். கம்பொனென்ட் செட் ஒன்று வாங்கினேன், அதாவது கனத்த சத்தத்துக்கு வூஃபர் தனி, கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர் தனி, இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க நடுவில் கிராஸோவர். 8,500 ரூபாய். ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ட்வீட்டர் காதைக் குத்தியது. பேஸ், அதாவது கனத்த சத்தம், முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. "பழசே நல்லா இருந்துச்சே" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு உட்கார்ந்து படித்தபோது ஒரு காரணம் புரிந்தது. வண்டியோடு வரும் ஸ்பீக்கரின் கோன் லேசாக இருக்கும், கொஞ்சம் பவர் கொடுத்தாலே ஆடும். நான் வாங்கியது கனமானது. ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டி) '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருக்கிறதே என்றால், அது உச்சக் கணக்கு. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14.4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது கணக்குப்படி 26 வாட்ஸ்கூட இல்லை. நடைமுறையில் 20 வந்தாலே பெரிது. அதற்கு மேல் திருகினால் வருவது சத்தம் இல்லை, கிழிசல்.

சரி, ஆம்ப் வாங்குவோம் என்று நாலு சேனல், சேனலுக்கு 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் (உச்சக் கணக்கு இல்லை, தொடர்ந்து கொடுக்கும் பவர்), 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்டீயரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் போய்விடுமே என்று ஹெட் யூனிட்டை மாற்றவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கிற ஹை லெவல் இன்புட் அந்த ஆம்ப்பில் இருந்தது. ஒரு வயரைக்கூட வெட்டாமல் கப்ளர் போட்டே முடித்தார்கள். ஆம்ப் டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

பேஸ் கொஞ்சம் வந்தது. கூடவே கதவின் மொத்தக் கச்சேரியும் வந்தது. லாக் கம்பி, கண்ணாடி மோட்டார், பிளாஸ்டிக் பேனல் எல்லாம் பின்பாட்டு. அப்போதுதான் பேனலைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும் அதே அளவுக்குப் பின்னாலும் தள்ளும். பின்னால் போகிற சத்தம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், முதலில் காணாமல் போவது பேஸ்தான். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி எதற்கு இருக்கிறதோ, அந்த வேலையைக் காரில் கதவு செய்ய வேண்டும். என் கதவின் உள்தகட்டிலோ கை முழங்கை வரை போகும் அளவுக்கு ஓட்டைகள். அதை மூடியிருந்தது ஒரு பாலிதீன் தாள்.

அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூட்டைல் ஷீட் (ரப்பர் மாதிரி ஒட்டும், தகட்டின் அதிர்வை அடக்கும்) வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நானே ஒட்டினேன். தகட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ஷீட்டை வைத்து, சின்ன ரோலரால் அழுத்த வேண்டும். சொல்ல எளிது. உள்தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. என் இரண்டு மணிக்கட்டிலும் இன்னும் கோடு இருக்கிறது. ஆனால் வெளித்தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் 'டங்ங்' என்று எண்ணெய் டின் மாதிரி நீளும் சத்தம், ஒட்டிய பின் 'தட்' என்று அங்கேயே செத்துவிடும். கதவைச் சாத்தினால் பெரிய வண்டி மாதிரி கேட்கும். செலவழித்த காசில் எனக்கு முழுத் திருப்தி கொடுத்தது இந்த 6,000 ரூபாய்தான்.

அதிலும் ஒரு கோட்டை விட்டேன். நவம்பரில் நல்ல மழை. மறுநாள் காலை டைடல் பார்க் சிக்னலில் திரும்பும்போது கதவுக்குள்ளிருந்து 'சளக்' என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் முன்னால் 'சளக்', வண்டியை எடுத்தால் பின்னால் 'சளக்'. கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. வெளியே போக அடியில் சின்னச் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். நான் ஆர்வக்கோளாறில் அதன் மேலும் ஷீட்டை ஒட்டியிருந்தேன். குத்திவிட்டதும் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. ஸ்பீக்கருக்கு அடியில் கடைக்காரர் வைத்த எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வளையம் டீயில் நனைத்த பொறை மாதிரி ஊதியிருந்தது. இப்போது பிளாஸ்டிக் வளையம்.

இவ்வளவு செய்தும் நண்பர் வண்டியில் கேட்ட அந்தத் தொப்பி எனக்கு வரவில்லை. பாதிதான் வருகிறது. அடுத்து பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபரா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி வேன்காரன்:

அண்ணே, சப்வூஃபரா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது டூரிஸ்ட் வேன். இந்தத் தொழிலில் வண்டி நல்லா ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை, "செட்டு எப்படி?" என்றுதான் கேட்பார்கள். காலேஜ் பசங்க டிரிப் என்றால் வண்டியைப் பார்க்க வரும்போதே பென்டிரைவோடு வருவார்கள். அதனால் முதலாளியிடம் சண்டை போட்டு, பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபரைப் பெட்டியோடு கடைசி சீட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

வால்பாறை டிரிப். ஆழியாறு அணையில் இறக்கிவிட்டேன். எஞ்சின் நின்றிருக்கிறது, பசங்க வண்டி பக்கத்திலேயே ஆட ஆரம்பித்தார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்', அவ்வளவுதான். மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு காத்திருக்கிறது, பேட்டரியில் உயிர் இல்லை. "ஆடினவங்களே தள்ளுங்க"ன்னு சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பழைய டீசல் வண்டியாக இருந்ததால் நாலாவது தள்ளில் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு பாட்டுக்கென்று தனி பேட்டரி, நடுவில் ஐசொலேட்டர். எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றால் பிரிந்துவிடும். பாட்டு பேட்டரி செத்தாலும் செல்ஃப் அடிக்கும்.

இன்னொரு விஷயம், கோயில் டிரிப்பில் கடைசி சீட்டில் உட்காருவது பெரும்பாலும் வயசானவங்க. ஒரு பாட்டி பழனி போய் வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பெட்டியை ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது. இப்போது சப்புக்கு மட்டும் டேஷ்போர்டில் ஒரு தனி குமிழ் வைத்திருக்கிறேன். பசங்க வந்தால் ஒரு பக்கம், பாட்டிகள் வந்தால் மறுபக்கம்.

மதுரையில் கடை:

இருபது வருடமாக இதே வேலை. திருவான்மியூர் சார், உங்கள் கதையில் எங்கள் ஆட்கள் மேல் வருத்தம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் எங்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். கஸ்டமர் ஸ்பீக்கருக்கு எண்ணாயிரம் கொடுப்பார், ஆம்ப்புக்குப் பத்தாயிரம் கொடுப்பார். வயரிங் கிட் 2,500 என்றதும் "வயருக்கா?" என்பார். அங்கே பேரம் ஆரம்பிக்கும். பேரத்தில் குறைகிற காசு வயரிலிருந்துதான் குறையும்.

சந்தையில் தடியாக, பளபளவென்று விற்கிற வயரில் பாதி செம்பே இல்லை. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமன் செம்போடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குகூடக் கரண்டைக் கடத்தாது. போட வேண்டும் என்றால் இன்னும் தடித்ததாகப் போட வேண்டும், யாரும் போடுவதில்லை.

ஃபியூஸ் விஷயம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்புக்கு. பேட்டரி பக்கம் இருப்பது வயருக்கு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் விட்டால், ஓட ஓடத் தகடு வயரை அறுக்கும். செம்பு தகட்டில் பட்ட நொடியில் ஃபியூஸ் போக வேண்டும். ஃபியூஸ் இல்லையென்றால் வயரே அடுப்புக் கம்பி ஆகும். எங்கள் கடைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது, கார்ப்பெட் கருகி. வேறு எங்கோ மாட்டியது. ஓட்டி வந்தவர் ஓரமாக நிறுத்தி பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதால் பிழைத்தது.

ஆம்ப்பில் இருக்கும் கெயின் குமிழை (வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பைப் பொருத்துவதற்கு இருப்பது) வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகுகிறவர்கள் இன்னொரு ரகம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, டோன் எல்லாம் பூஜ்யத்தில் வைத்து, வால்யூமை முக்கால் அளவு வைத்து ஒரு டெஸ்ட் டோனை ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் முனையில் பார்த்துக்கொண்டே கெயினைக் குறைவிலிருந்து மெல்லத் திருகுங்கள். உங்கள் 75 வாட்ஸுக்கும் 4 ஓமுக்கும் 17 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் அது.

சப் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் சார். பேலன்ஸை முழுக்க இடதுபக்கம் தள்ளிக் கேளுங்கள், பிறகு நடுவில் வைத்துக் கேளுங்கள். நடுவில் வைக்கும்போது பேஸ் குறைந்தால் உங்கள் ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகும், பேஸ் அடிபட்டுவிடும். எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க, ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரில் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் போதும். பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். முதலில் மாட்டியதுமே பேஸ் குறைந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம்தான்.

சேலம்:

என் கதை சின்னது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙீ...' என்று ஒரு கொசு பாடும், விட்டால் இறங்கும். கடைக்காரர் ஃபில்டர் போடச் சொன்னார், போட்டேன், கொசு போகவில்லை. ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரைப் பவர் வயர் பக்கத்திலிருந்து பிரித்து வண்டியின் மறுபக்கம் கொண்டுபோனேன். பாதி போனது. கடைசியில் ஆம்ப்பின் கிரவுண்ட் வயரைக் கழற்றிப் பார்த்தால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து இறுக்கினேன். கொசு செத்தது. உப்புத்தாள் விலை பத்து ரூபாய்.

வண்டியை விற்கும்போது இதற்கெல்லாம் ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டார்கள். பழைய ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள், விற்கும் நாளில் அதை மாட்டிவிட்டுப் புதுசைக் கழற்றிக்கொள்ளலாம்.

திருவான்மியூர்க்காரன்:

மதுரை சார், நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். பேலன்ஸை இடதுபக்கம் தள்ளினேன், பேஸ் கூடியது. நடுவுக்குக் கொண்டுவந்தேன், குறைந்தது. என் காதையே நம்பாமல் மூன்று முறை செய்தேன்.

பிறகு இரண்டு கதவுப் பேனலையும் கழற்றினேன், அது இப்போது எனக்கு இருபது நிமிட வேலை. ஆம்ப் பக்கத்தில் ஸ்பீக்கர் வயரை எடுத்துப் பையனிடம் கொடுத்து, பேட்டரியைத் தொடச் சொல்லிவிட்டு நான் டார்ச்சோடு கோனைப் பார்த்தேன். இடது கதவு வெளியே துள்ளியது. வலது கதவு உள்ளே போனது. "அப்பா, இன்னொரு தடவை தொடவா?" என்றான். ஏழு தடவை தொட்டான். ஏழு தடவையும் உள்ளேதான்.

முதல் நாள் மாட்டியதே அப்படித்தான். அதன்மேல் பதினோராயிரத்துக்கு ஆம்ப், ஆறாயிரத்துக்கு ஷீட், மணிக்கட்டில் கோடு, ஒரு சொம்புத் தண்ணீர். இரண்டு வயரை இடம் மாற்றிச் சொருகினேன். பார்க்கிங்கில் கதவை மூடிக்கொண்டு அதே மிருதங்கத் தனியைப் போட்டேன். தொப்பி டேஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார்ந்தது. வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை கேட்டோம்.

மேலே போனதும் மனைவி, "இப்ப என்ன வாங்கினீங்க?" என்றாள். ஒன்றும் வாங்கவில்லை, பென்சில் பேட்டரி வீட்டில் இருந்ததுதான் என்றேன். ஹால் கடிகாரத்திலிருந்து எடுத்தது. இன்னும் திருப்பிப் போடவில்லை, அது ஒன்பது இருபதிலேயே நிற்கிறது.