மறு: கம்யூனிட்டி சர்வீஸ் – ‘சமூக சேவை’ போதுமா?

ஐயா, வணக்கம். நீதிமன்றம் விதிக்கும் ‘கம்யூனிட்டி சர்வீஸ்’ தண்டனைக்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டது:

> செய்திகளில் ‘சமூக சேவை’ என்றுதானே வருகிறது, புதுச்சொல் எதற்கு?

வருகிறது, சரி. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 4-ஆம் பிரிவில் இது மரண தண்டனை, ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் என்ற வரிசையில் ஆறாவதாக உட்கார்ந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் இது கிடையாது. அந்த வரிசையில் ‘சமூக சேவை’ என்று எழுதினால், ரத்ததான முகாம் நடத்தியவருக்கும் குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்தவருக்கும் ஒரே சொல். முன்னவருக்குச் சால்வை, பின்னவருக்கு 355-ஆம் பிரிவு!

அதே சட்டத்தில் திருட்டுக்கான 303(2)-ஐப் பாருங்கள். முதல்முறை தண்டனை பெறுபவர், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டார் என்றால் அவருக்குத் தண்டனையே இதுதான். அவதூறு, குடிபோதை போன்றவற்றில் சிறைக்கோ அபராதத்துக்கோ மாற்றாக வருவது இங்கே தனியாக நிற்கிறது. இத்தனைக்கும் சன்ஹிதாவில் இதற்கு விளக்கமே இல்லை, நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவில் போய்த் தேட வேண்டும்: நீதிமன்றம் தண்டனையாகச் செய்யச் சொல்லும் வேலை, சமுதாயத்துக்குப் பயன்பட வேண்டும், கூலி கிடையாது. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அங்கேயும் இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

சரி, வேறு என்ன சொல் வைக்கலாம்? பொதுப்பணி என்றால் உடனே துறைதான் ஞாபகம் வரும். நற்பணியை ரசிகர் மன்றங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. சமூகப்பணி பட்டப்படிப்பு. தண்டப்பணி பொருளில் சரிதான், ஆனால் ‘தண்டச்சோறு’ என்று திட்டு வாங்கி வளர்ந்தவர் யாரும் அதைச் சிரிக்காமல் படிக்க மாட்டார். கல்வெட்டுகளில் கூலியில்லா வேலைக்கு ‘வெட்டி’ என்ற சொல் உண்டு, அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

என் பரிந்துரை: விதிபணி, அதாவது நீதிமன்றம் விதித்த பணி. ‘பத்து நாள் விதிபணி’ என்று தீர்ப்பில் எழுதலாம். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, அதனால் ப் மிகாது.

---

தம்பி,

சேவை வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். விதிபணியில்தான் தயக்கம். தட்டச்சு செய்பவர்கள் ப் போடாமல் விடமாட்டார்கள், அப்புறம் அது தலைவிதிப் பணிதான். கூண்டில் நிற்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம், காதில் விழுந்ததும் புரிய வேண்டாமா? ‘ஊர்ப்பணித் தண்டனை’ என்று நீட்டியே சொல்லிவிடலாம், சிறைத் தண்டனையோடு ஒத்தும் வருகிறது. கூலி இல்லை என்பது உங்கள் சொல்லிலும் இல்லை, என் சொல்லிலும் இல்லை, அதைச் சட்டத்தின் விளக்கமே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவிலும் கம்யூனிட்டி சர்வீஸ் உண்டு. பிள்ளைகள் விஷயத்தில் தண்டனை என்ற பேச்சே வரக்கூடாது, அங்கே ‘ஊர்ப்பணி’யோடு நிறுத்திக்கொள்ளலாம். விதிபணியை அப்படி நறுக்க முடியாதே.