டேபல் நாற்காலி ஆடுது: டார்ட்டை முதல் வாரமே இறக்கணுமா, வில்சனை வைச்சு ஓட்டணுமா?

ஜெர்சிக்காரன்:

இது 2025 ஆகஸ்ட். செப்டம்பர் 7 வாஷிங்டன்ல எங்க நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு முதல் ஆட்டம். அதுக்குள்ள மனசுல இருக்கறதைக் கொட்டிடறேன். ஜயன்ட்ஸ் ரசிகர்கள் மட்டும்னு இல்ல, என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கற யாரா இருந்தாலும் பதில் சொல்லுங்க.

போன சீசன் 3 வெற்றி, 14 தோல்வி. ஜனவரியில ஓனர் ஜான் மாரா பொது மேலாளர் ஜோ ஷேனையும் கோச் பிரையன் டேபலையும் இன்னொரு வருஷம் வைச்சுக்கிட்டார். கூடவே, தன்னோட பொறுமை கிட்டத்தட்ட தீர்ந்துபோச்சுன்னும் வெளிப்படையாவே சொல்லிட்டார். 2022-ல வந்த முதல் வருஷமே பிளேஆஃப் (நாக் அவுட் சுற்று) போய், மினசோட்டா மண்ணுல ஜெயிச்சு, ஆண்டின் சிறந்த கோச் விருது வாங்கின அதே டேபல்தான் இவர். மூணே வருஷத்துல தலைக்கு மேல கத்தி.

இதெல்லாம் குவார்ட்டர்பேக் (பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்தறவர்) டேனியல் ஜோன்ஸ்ல ஆரம்பிச்சது. 2023 மார்ச்ல நாலு வருஷம், 160 மில்லியன் டாலர்னு கையெழுத்து. அந்த நவம்பர்லயே முழங்கால் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிஞ்சது. அடுத்த நவம்பர்ல பெஞ்ச், அந்த வாரமே விடுவிப்பு. விடுவிச்சு ரெண்டு நாள் கழிச்சு டாம்பா பே அணியோட நடந்த ஆட்டத்துக்கு நான் மெட்லைஃப் ஸ்டேடியம் போயிருந்தேன். 30-7 தோல்வி. ஆட்டத்தை விட எனக்கு ஞாபகம் இருக்கறது முன் வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு பையன். பத்து வயசு இருக்கும். உள்ள 8-ஆம் நம்பர் ஜோன்ஸ் ஜெர்சி. அது தெரியக்கூடாதுன்னு ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டே இருந்தான். அது கீழ இறங்கும், மறுபடி இழுப்பான். ஆட்டம் முழுக்க அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

இப்போ டிராஃப்ட்ல (கல்லூரிப் பசங்களை அணிங்க முறை வைச்சு எடுக்கறது) ஹூஸ்டனோட பேரம் பேசி முதல் சுற்றுக்குள்ள திரும்ப ஏறி, 25-ஆவது இடத்துல குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட்டை எடுத்திருக்காங்க. 22 வயசு. அதுக்கு முன்னாடியே ஒரு வருஷ ஒப்பந்தத்துல ரசல் வில்சன் வந்தாச்சு, 36 வயசு. ஜேமிஸ் வின்ஸ்டனும் இருக்கார். முதல் ஆட்டத்துக்கு வில்சன்தான்னு கோச் சொல்றார். ஆனா பஃபலோவுல நடந்த முதல் ப்ரீசீசன் பயிற்சி ஆட்டத்துல டார்ட் பதட்டமில்லாம ஆடி டச்டவுன் பாஸ் போட்டதுல இருந்து, எங்க பக்கம் எல்லார் வாயிலயும் டார்ட், டார்ட்தான்.

என் பயம் இதுதான். அட்டவணையைப் பாருங்க: வாஷிங்டன், டல்லஸ், கான்சஸ் சிட்டி, சார்ஜர்ஸ். நாலுமே தோத்தா டேபல் கையில மிச்சம் இருக்கற ஒரே சீட்டு டார்ட். அடுத்த பத்து வருஷத்துக்கு ஆட வேண்டிய பையனை எப்போ இறக்கறதுன்னு, அடுத்த பத்து வாரம் வேலை இருக்குமான்னு தெரியாத ஒருத்தர் முடிவு பண்ணலாமா? இது எனக்கு நியாயமாவே படல.

எங்க அணியோட வரலாறும் பயமுறுத்துது. 2017-ல அப்போதைய கோச் பென் மெக்கடூ 210 ஆட்டம் தொடர்ந்து ஆடின குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கை உட்கார வைச்சு ஜீனோ ஸ்மித்தை இறக்கினார். ஓக்லாண்ட்ல தோல்வி, மறுநாளே வேலை போச்சு. 2019-ல பேட் ஷர்மர் ரெண்டு தோல்விக்கு அப்புறம் ஈலையை நிறுத்தி ஜோன்ஸை இறக்கினார். டாம்பாவுல 28-10 பின்னாடி இருந்து 32-31னு ஜெயிச்சப்போ நான் வீட்ல குதிச்சேன். வருஷக் கடைசியில 4-12, ஷர்மரும் போனார். ஜோ ஜட்ஜும் ரெண்டே வருஷம்தான். பழைய கோச் டாம் காஃப்லினுக்கு அப்புறம் நாலாவது சீசனைத் தொடங்கற முதல் கோச் டேபல்தான்.

டார்ட்டை முதல் நாளே இறக்கணுமா, கடைசி வரைக்கும் பொத்திப் பாதுகாக்கணுமா?

---

மிச்சிகன் ஏரிக்கரை:

நான் சிகாகோ பேர்ஸ் ரசிகன். உங்கள் கேள்வியைப் படித்ததும் 2021 செப்டம்பர் 26 கண்முன் வந்து நின்றது.

எங்கள் கோச் மேட் நேகியும் உங்கள் டேபல் மாதிரிதான். 2018-இல் முதல் வருஷமே 12-4, சிறந்த கோச் விருது. 2021 வந்தபோது நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. டிராஃப்ட்டில் 11-ஆவது இடத்துக்கு ஏறி ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார்கள். ஆன்டி டால்டன்தான் முதலில் ஆடுவார் என்று கோச் அடித்துச் சொன்னார். ப்ரீசீசனில் ஃபீல்ட்ஸ் நன்றாக ஆடினார். சிகாகோவே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. நானும்தான் கத்தினேன்.

இரண்டாவது வாரம் டால்டனுக்கு முழங்காலில் அடி. மூன்றாவது வாரம் கிளீவ்லாந்தில் ஃபீல்ட்ஸ் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினார். ஒன்பது முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். அதில் கிளீவ்லாந்தின் மைல்ஸ் கேரட் மட்டுமே நாலரை சாக் (பாஸ் போடும் முன் சாய்ப்பது). 20 பாஸில் 6-தான் சேர்ந்தது, 68 கஜம். சாக்கில் பின்னால் போன கஜத்தைக் கழித்தால் பாஸ் மூலம் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கஜம். முழு ஆட்டத்துக்கும் 47.

அந்தக் கணக்கை விட என்னை உறுத்தியது வேறு. கோடைக்காலம் முழுக்க நேகி போட்ட திட்டம் டால்டனுக்கானது. குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் இடது டேக்கிளாக நின்றவர் 39 வயது ஜேசன் பீட்டர்ஸ். ஃபீல்ட்ஸின் பெரிய பலமே கால். அவரை தடுப்பாளர்களுக்குப் பின்னால் பாக்கெட்டுக்குள் நிற்கவைத்து, பல தடவை கூடுதல் உதவி இல்லாமல், ஐந்து பேர் தடுப்பை மட்டும் நம்பி ஆடவிட்டார்கள். மூன்றாவது கால்பகுதியில் அவர் எழுந்து நிற்க எடுத்துக்கொண்ட நேரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது. நான் தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

நேகிக்கு ஜனவரியில் வேலை போனது. ஃபீல்ட்ஸை 2024-இல் ஒரு ஆறாவது சுற்றுத் தேர்வுக்காக பிட்ஸ்பர்க்கிடம் கொடுத்தார்கள். அப்புறம் வந்த கேலப் வில்லியம்ஸ் முதல் வருஷமே 68 முறை சாக் வாங்கினார். நன்றி தெரிவிக்கும் நாளன்று டெட்ராய்ட்டில் கடைசி நொடிகள் கரைய, கையில் டைம்அவுட் இருந்தும் கேட்காமல் நின்ற கோச் எபர்ஃப்ளஸை மறுநாள் அனுப்பினார்கள். சீசன் நடுவில் தலைமை கோச்சை பேர்ஸ் நீக்கியது அதுவே முதல் தடவை.

எந்த வாரம் என்பது இரண்டாம் பட்சம், நண்பரே. வில்சனுக்கு எழுதிய பிளேபுக்கை (ஆட்டத் திட்டங்களின் தொகுப்பு) அப்படியே டார்ட் கையில் திணித்தால் எந்த வாரமாக இருந்தாலும் அது கிளீவ்லாந்துதான். உங்கள் இடது டேக்கிள் ஆண்ட்ரூ தாமஸ் கால் காயத்திலிருந்து திரும்பிவிட்டாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

---

பஃபலோ பனி:

மேலே எழுதியவரின் வேதனை புரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் மறக்கிறீர்கள். இதே சிக்கலை டேபல் ஒரு தடவை உள்ளே இருந்தே பார்த்தவர்.

2018-இல் எங்கள் பில்ஸ் அணியின் ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் பக்கத்துக்கான கோச்) அவர்தான். டிராஃப்ட்டில் 7-ஆவது தேர்வாக குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் வந்திருந்தார். முதல் ஆட்டம் பால்டிமோரில், ஆலனை உட்காரவைத்து நேதன் பீட்டர்மேனை இறக்கினார்கள். 18 பாஸில் 5, மொத்தம் 24 கஜம், இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). 47-3 தோல்வி. அடுத்த வாரமே ஆலன் தொடங்கினார். ஆறாவது வாரம் ஹூஸ்டனில் முழங்கையில் அடிபட்டு நாலு ஆட்டம் உட்கார்ந்தார். அந்த நாட்களில் டெரெக் ஆண்டர்சன் மாதிரி அனுபவசாலிகள் வாரத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். திரும்பி வந்தது வேறு ஆலன். முதல் வருஷம் 52.8 சதவீதம் பாஸ் சேர்த்தவர், டேபலோடு மூன்றாவது வருஷத்தில் 69.2-க்கு வந்தார். அப்படி ஒரு வளர்ச்சியை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. அதற்கு டேபலுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

ஆகவே பையனை எப்படி வளர்ப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பது கேள்வியே இல்லை, நேரம் கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி. 2018-இல் எங்கள் தலைமை கோச் மெக்டெர்மட்டின் நாற்காலி கெட்டியாக இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் 17 வருஷ வறட்சியை முடித்து பிளேஆஃப் கூட்டிப் போயிருந்தார். ஆலன் தடுமாறலாம், அணி 6-10 முடிக்கலாம், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கான்சஸ் சிட்டியில் மஹோம்ஸ் 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித் பின்னால் உட்கார்ந்து, கடைசி வாரம் டென்வரில் மட்டும் தொடங்கினார். ஆண்டி ரீடின் வேலைக்கு ஆபத்தே இல்லாததால்தான் அது நடந்தது. காத்திருக்க வைப்பதற்குக்கூட வேலை நிலைத்திருக்க வேண்டும்.

என் கருத்து: முதல் ஆட்டம் வில்சன். ஆனால் வாரத்தில் முதல் அணியோடு டார்ட்டுக்கும் பயிற்சியில் கணிசமான ஸ்னாப் (ஆடும் வாய்ப்பு) கொடுக்கட்டும். உட்கார்ந்து கற்றுக்கொள்வது நல்லது என்கிறோம். நோட்டுப் புத்தகத்தோடு ஓரத்தில் நிற்பது மட்டும் கற்பது ஆகாது. கல்லூரியில் வேகமாக ஆடும் அணியில் சைடுலைனிலிருந்து சைகை வரும். இங்கே ஹட்டிலில் (அணி வட்டமாகக் கூடும்போது) பத்துப் பேர் முகத்தைப் பார்த்து நீளமான பிளே அழைப்பை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரும் அவர் குரலுக்குப் பழக வேண்டும்.

இன்னொன்று. ஈலையின் முதல் வருஷத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2004-இல் கர்ட் வார்னர் 5-4 என்று வைத்திருந்தபோதே காஃப்லின் ஈலையை இறக்கினார். தொடர்ந்து ஆறு தோல்வி, கடைசி ஆட்டம் மட்டும் வெற்றி. ஊரே திட்டியது. காஃப்லினுக்கு அது முதல் வருஷம் என்பதால் தாங்கினார். அடுத்த வருஷம் டிவிஷன் பட்டம், 2007 சீசன் முடிவில் சூப்பர் பௌல்.

---

மூன்றாம் வீடு:

நான் ஆட்டம் பார்க்கறது கொஞ்சம்தான், வீட்டுக்காரர் பைத்தியமா பார்ப்பார். ஆனா நீங்க யாருமே பேசாத ஒண்ணைச் சொல்லணும்னு தோணுது.

முன்னாடி நாங்க வேற மாநிலத்துல இருந்தப்போ, மூணாவது வீட்ல ஒரு என்.எஃப்.எல். அணியோட உதவிக் கோச் குடும்பம் இருந்தது. அணி பேரெல்லாம் வேண்டாம். அவர் பார்த்துக்கிட்டது பந்தோட ஓடற ஆட்டக்காரர்களை மட்டும். குவார்ட்டர்பேக் யாருன்னு முடிவு பண்றதுல அவருக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆகஸ்ட்ல அந்த அம்மா என்கிட்ட சொன்னாங்க: "இந்த வருஷம் சுவத்துல எந்தப் படமும் மாட்டல." எனக்கு அப்போ புரியல.

அந்த சீசன் மோசமாப் போச்சு. கடைசி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் தலைமை கோச்சை எடுத்துட்டாங்க, கறுப்புத் திங்கள்னு சொல்றாங்களே அதுதான். தலைமை கோச்சுக்கு மிச்ச வருஷச் சம்பளம் வரும், அது ஒப்பந்தத்துல உறுதி. உதவிக் கோச்சுங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷ ஒப்பந்தம்தான். அவர் வேலை தேடி அலபாமாவுல மொபீல்ங்கற ஊருக்குக் கிளம்பினார். ஜனவரிக் கடைசியில அங்க சீனியர் பௌல்னு கல்லூரிப் பசங்க ஆட்டம் நடக்குமாம். எல்லா அணிக்காரங்களும் வர்றதால வேலை தேடற கோச்சுங்களும் அங்க வந்து நிப்பாங்களாம். அந்த அம்மா பெரிய பொண்ணை நடு வகுப்புல பள்ளிக்கூடம் மாத்தினாங்க. அது அந்தக் குழந்தைக்கு அஞ்சாவது பள்ளிக்கூடம்.

டேபல் வேலை போகுமான்னு நீங்க பேசறப்போ, அவரோட சேர்ந்து போகப்போறது இருபது வீடுங்க. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

---

ஜெர்சிக்காரன்:

மூணு பேருக்கும் நன்றி. சகோதரி எழுதினதை என் மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன். படம் மாட்டாத சுவர் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

பஃபலோ நண்பர் சொன்ன 2018 கதையில பீட்டர்மேன் ஆட்டம் மட்டும் எனக்குத் தெரியும். மெக்டெர்மட் நாற்காலி கெட்டியா இருந்ததை நான் சேர்த்துப் பார்க்கல. அதுதான் என் கேள்விக்கே விடைன்னு இப்போ படுது. நான் டேபலைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். பொறுமை தீர்ந்துபோச்சுன்னு ஜனவரியில சொல்லிட்டு, ஏப்ரல்ல ஒரு சின்னப் பையனை எடுக்க ஒத்துக்கிட்டது ஓனர். ரெண்டும் ஒரே வருஷத்துல ஒட்டாது. பையனை எடுத்தா கோச்சுக்கு ரெண்டு வருஷம் எழுதிக் கொடுத்திருக்கணும். இல்லேன்னா கோச்சை மாத்திட்டு, வர்றவர்கிட்ட தேர்வை விட்டிருக்கணும். புது கோச் வந்தா டார்ட்டுக்கு ரெண்டாவது வருஷமே ரெண்டாவது பிளேபுக். ஜோன்ஸுக்கும் இதைத்தான் செஞ்சோம்: ஷர்மர், ஜட்ஜ், டேபல்னு மூணு கோச்.

ஒண்ணுல மட்டும் என் மனசு மாறல. நாலு தோல்வி ஆகி, கூட்டம் கத்துதுன்னு மட்டும் டார்ட்டை இறக்கக்கூடாது. வில்சனே அஞ்சு ஆட்டம் தோத்தாலும் சரி, டார்ட்டுக்கான பிளேக்கள் எழுதி, ஹட்டில் பழகி, அப்புறம் இறக்கட்டும். அதுக்குள்ள டேபல் வேலை போனாலும் போகட்டும்னு எழுத எனக்குக் கை வரல, அவர் மேல இன்னும் பாசம் இருக்கு. ஆனா ரெண்டுல ஒண்ணுதான்னு வந்தா பையன் பக்கம்தான் நிப்பேன்.

ஏரிக்கரை நண்பருக்கு: தாமஸ் பாதக் காயம் இன்னும் முழுசா சரியாகல, மெதுவாத்தான் ஏத்தறாங்க. நீங்க கேட்டதுக்கு அப்புறம் நான் முடிவு பண்ணிட்டேன். வாஷிங்டன் ஆட்டத்துல எல்லாரும் குவார்ட்டர்பேக்கைப் பார்க்கட்டும், நான் முதல்ல 78-ஆம் நம்பர் தாமஸ் களத்துல இருக்காரான்னுதான் பார்ப்பேன். அவர் இல்லாத வரைக்கும் டார்ட் தலைக்கவசத்தைக் கையிலயே வைச்சிருக்கட்டும்.