ராய்காட்டில் ஊர் கேட்ட பாட்டி

பம்பாய்த் தமிழர்கள் மூவர் தாங்கள் போன மலைகளைப் பற்றி எழுதியது.

ஆன்டாப் ஹில்லிலிருந்து:

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தும் முப்பத்தாறு வயதுவரை ஒரு கோட்டைகூட ஏறியதில்லை. ஆபீஸில் உள்ள மராத்தி நண்பர்கள் மழை விட்டதும் வாராவாரம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதெல்லாம் முட்டி நன்றாக இருப்பவர்கள் சமாசாரம் என்று நான் ஒதுங்கியே இருந்தேன். போன நவம்பரில், சிவாஜியின் தலைநகராக இருந்த ராய்காட் மலைக்கோட்டைக்குப் போகலாம் என்றார்கள். ரோப்வே இருக்கிறது, நீ நடக்கவே வேண்டாம் என்றதும் தலையாட்டிவிட்டேன்.

விடிகாலை நாலு மணிக்குச் சயானில் காரில் ஏறினோம். கோவா நெடுஞ்சாலையைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, போனவர்களின் இடுப்புக்குத் தெரியும். பாச்சாட் தாண்டி அடிவாரத்தில் இறங்கினால், ஞாயிற்றுக்கிழமை, ரோப்வே வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. நண்பர்கள் சிரித்த சிரிப்பிலேயே இது அவர்களுக்கு முன்னமே தெரியும் என்று புரிந்துவிட்டது. சரி, வந்தாயிற்று. சுமார் 1,700 படி.

கருங்கல் படிகள், ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, தலையில் மோர்க்குடத்தோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். மகாதர்வாஜா எதிரே வந்து நிற்கும்வரை அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியவில்லை. இரண்டு பெரிய கொத்தளங்களுக்கு நடுவே ஒளித்துக் கட்டியிருக்கிறார்கள்.

1674இல் சிவாஜிக்கு முடிசூட்டிய இடம், அரண்மனை இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருப்பதெல்லாம் திண்ணைதான். 1818இல் ஆங்கிலேயர் எதிர்மலையிலிருந்து பீரங்கியால் அடித்ததில் பிடித்த தீயில் மரமெல்லாம் எரிந்து கல் மட்டும் மிஞ்சியதாம். கடைவீதி என்று இரண்டு நீண்ட வரிசை. குதிரையில் இருந்தபடியே சாமான் வாங்கத்தான் இத்தனை உயரத்தில் திண்ணை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். முரசு மண்டபமான நகார்கானாவின் வாசலில் நின்று நண்பன் முணுமுணுத்தது, சிம்மாசனம் இருந்த மேடைப் பக்கம் நின்ற எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கங்காசாகர் குளத்தருகே அதே மோர்ப்பாட்டி. உப்பும் கொத்தமல்லியும் போட்ட மோர். குவளையை நீட்டிக்கொண்டே மராத்தியில் எந்த ஊர் என்றார். சயான் என்றேன். அது இருக்கும் இடம், ஊர் எது என்றார். மெட்ராஸ் பக்கம் என்றேன். பம்பாயில் நாற்பது வருஷமாக அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். செஞ்சி என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? பாட்டி விடவில்லை. கடைசியில் "செஞ்சி" என்றதும் அவருக்குப் பிடிபடவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த நண்பன் துள்ளி எழுந்தான். "டேய், ஜிஞ்ஜியா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

பாட்டியின் கரண்டி குடத்திலேயே நின்றுவிட்டது. "ஜிஞ்ஜியா? நம்ம ராஜாராம் மகாராஜ் போன ஜிஞ்ஜியா?"

அப்புறம் அந்தக் குளத்தங்கரையில் என் ஊர்க் கதையை எனக்கே அவர்கள் சொன்னார்கள். 1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்டார். பட்டத்துக்கு வந்த தம்பி ராஜாராம், ராய்காட் முற்றுகைக்குள்ளானபோது நழுவி, யாத்ரீகர் வேஷத்தில் தெற்கே போய்ச் செஞ்சியில் சேர்ந்தார். இங்கே கோட்டை விழுந்து, அண்ணி ஏசுபாயும் பிள்ளை சாஹுவும் முகலாயரிடம் பிடிபட்டார்கள். ராய்காட்டைப் பிடித்த அதே தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சிக்கும் வந்து முற்றுகை போட்டார். அது விழ 1698 ஆனது. அதாவது எட்டு வருஷத்துக்கு மேல் மராட்டியருக்குத் தலைநகரம் நம் செஞ்சி!

பாட்டி இரண்டாவது குவளைக்குக் காசு வாங்கவில்லை.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். "அது தேசிங்கு ராஜன் கோட்டைடா, மராட்டிக்காரன் எங்கே வந்தான்?" என்றார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தேசிங்குதான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த உருண்டைப் பாறைக் குவியலைப் பார்த்திருக்கிறேன். இறங்கியதில்லை.

செம்பூரிலிருந்து:

நாங்கள் வார நாளில் போனதால் ரோப்வே உடனே கிடைத்தது, நாலைந்து நிமிடத்தில் மேலே. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொன்னார், பாதிகூட முடியவில்லை. நான் சொல்ல வந்தது ஜகதீஸ்வரர் கோயில் படியைப் பற்றி. ஒரு படியில் ஹிரோஜியின் பெயர் வெட்டியிருக்கிறது, 'சேவையில் சித்தமாக இருப்பவன்' என்ற பொருளில். கோட்டையைக் கட்டிய ஆள். என்ன பரிசு வேண்டும் என்று சிவாஜி கேட்டதற்கு, நீங்கள் மிதித்துப் போகும் படியில் என் பெயர் இருந்தால் போதும் என்றாராம். நான் படம் எடுக்கக் குனிந்தேன். மாமியார் மட்டும் அந்தப் படியை மிதிக்காமல் தாண்டிப் போனார். "நம்ம கோயில்ல வாசல்ல விழுந்து கும்பிடற மாதிரி தரையில செதுக்கியிருப்பாங்களே, அதே ஆசைதான்" என்றார். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

போரிவலியிலிருந்து:

ராய்காட் வரை எதற்கு, எனக்கு முதல் மலை கன்ஹேரிதான், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். நூற்றுக்கு மேல் பௌத்தக் குகைகள். பிக்குகள் படுத்த கல் திண்ணையில் நானும் படுத்துப் பார்த்தேன், மே மாதத்திலும் முதுகு ஜில்லென்றது. பெரும்பாலான குகை வாசல்களில் மழைநீர்த் தொட்டி வெட்டியிருக்கிறார்கள். எங்கள் சொசைட்டியில் வாரம் இரண்டு தண்ணீர் லாரி வருகிறது. எலுமிச்சை சாதத்தைக் குரங்கு கொண்டுபோனது தனிக்கதை.

மீண்டும் ஆன்டாப் ஹில்:

2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரா, மிச்சம் ஒன்று செஞ்சி என்று நண்பன் செய்தி அனுப்பினான். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பதில் இல்லை, ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். அவருக்கு எழுபத்தொன்று, செஞ்சிக் கோட்டையின் உயரமான மலை ராஜகிரி, அதில் ஏறியே தீருவேன் என்கிறார். அங்கே ரோப்வே கிடையாது. காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள், யாராவது சொல்லுங்களேன்.