புரட்டும்போது படம் துள்ளுகிறது: ஃபோட்டோ புக்கில் ஃபிளிப்புக் (வேகமாகப் புரட்டினால் படம் அசைகிற குட்டிப் புத்தகம்) சேர்த்தவர்கள் அனுபவம் பகிரவும்

பதிவு 1

குழந்தை முதல் அடி வைத்துப் பாட்டி மடியில் போய் விழுகிற வீடியோ. 6 விநாடி, 72 ஃபிரேம். எல்லாவற்றையும் 4x6 ஃபோட்டோவாகவே லேபில் பிரிண்ட் போட்டு அடுக்கிப் புரட்டினால், பின்சுவர் கண் சிமிட்டுகிறது. ஒரு தாளில் மஞ்சள், அடுத்ததில் நீலம், அதற்கடுத்ததில் சாம்பல். 41-ஆவது ஃபிரேம்தான் எல்லாவற்றிலும் மோசம். பாட்டியின் வெள்ளைச் சேலை படத்துக்குள் நுழைகிற இடம் அது. அங்கே சுவர் சட்டென்று இருண்டுவிடுகிறது. குழந்தை விழப்போகிற நேரத்தில் பார்க்கிறவர் கண் சுவருக்குப் போய்விடுகிறது.

லேப் மெஷின் 72 படத்தையும் 72 தனித்தனி ஃபோட்டோவாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தானாக நிறமும் வெளிச்சமும் திருத்தியிருக்கிறது. வெள்ளை அதிகமானால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். தனி ஃபோட்டோவுக்கு அது நல்லதுதான். தொடர்படத்துக்கு ஆகவே ஆகாது.

இரண்டாம் முறை பெரிய தாளுக்குப் பல ஃபிரேம் வீதம் அடுக்கி பிடிஎஃப் ஆக்கி, "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், 100 சதவீத அளவிலேயே போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்ததும் சிமிட்டல் போய்விட்டது. 100 சதவீதம் என்று சொல்லாவிட்டால் பார்டர் இல்லாத பிரிண்ட்டில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவார்கள். ஃபோட்டோ புக் சாஃப்ட்வேரிலும் ஆட்டோ என்ஹான்ஸ், முகத்தைத் தேடி கிராப் செய்வது இரண்டையும் அணைக்க வேண்டும். முகம் தேடுகிற கிராப் ஒவ்வொரு ஃபிரேமையும் வேறு வேறு இடத்தில் வெட்டும்.

பதிவு 2

எங்களுக்கு நிறம் சரி, படம்தான் நடுங்கியது. கேமரா ஸ்டாண்டில் எடுத்த வீடியோ, ஆனால் புரட்டினால் நிலநடுக்கம் மாதிரி இருந்தது. ஒரு தாளில் அரை மில்லிமீட்டர் இடது பக்கம், அடுத்ததில் அரை மில்லிமீட்டர் வலது பக்கம். சும்மா பார்த்தால் தெரியாது, புரட்டும்போது அது மட்டும்தான் தெரியும்.

தப்பு அடுக்கிய விதத்தில். 60 ஃபிரேம், 12x18 தாளுக்கு 10 வீதம் 6 தாள். முதல் தாளில் 1 முதல் 10 வரை, இரண்டாம் தாளில் 11 முதல் 20 வரை என்று போட்டிருந்தோம். அப்போது 1-ஆம் ஃபிரேம் ஒரு கத்தி வெட்டில், 2-ஆம் ஃபிரேம் வேறு வெட்டில் வரும். பக்கத்துப் பக்கத்து ஃபிரேம் எல்லாமே வேறு வேறு வெட்டு.

இப்படிப் போடுங்கள்: முதல் கட்டத்தில் 1, 2, 3, 4, 5, 6 என்று ஆறு தாளிலும் ஒரே இடத்தில். இரண்டாம் கட்டத்தில் 7 முதல் 12. ஆறு தாளையும் ஒன்றாகத் தட்டி அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினால், அடுத்தடுத்த ஆறு ஃபிரேமுக்கும் ஒரே பிழைதான் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தப்பினால் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் வெட்டின கட்டுகளை வரிசையாக ஒன்றின் கீழ் ஒன்று வைத்தால் போதும், தாள் தாளாகப் பொறுக்க வேண்டாம். ஒரு தாளின் ஒரு மூலையில் டோனர் (பிரிண்டரின் மைத்தூள்) அடர்த்தியாகவும் இன்னொரு மூலையில் வெளிறியும் விழுகிற பிரச்சினைக்கும் இதே மருந்து.

6-க்கும் 7-க்கும் நடுவில், 12-க்கும் 13-க்கும் நடுவில் என்று 9 இடத்தில் லேசான துள்ளல் மிஞ்சும். முடிந்தால் வேகமான அசைவு அந்த இடங்களில் வருகிற மாதிரி வீடியோவின் ஆரம்பத்தைத் தள்ளி வையுங்கள். தாளைத் தட்டும்போது பிரிண்டருக்குள் போன அதே இரண்டு ஓரத்தை வைத்துத் தட்டச் சொல்லுங்கள். நடுவில் கட்டைத் திருப்பினால் எல்லாம் வீண்.

பதிவு 3

முதல் பதிவில் பழி முழுவதையும் லேப் மேல் போடுவது சரியில்லை நண்பரே. வெள்ளைச் சேலை உள்ளே வந்ததும் சுவர் இருண்டது என்றால், ஃபோனே அப்படிப் பதிவு செய்திருக்க வாய்ப்பு உண்டு. வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். அங்கேயே இருண்டால் லேப் என்ன செய்யும்? எடுக்கும்போதே திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸும் வெளிச்சமும் பூட்ட வேண்டும். ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்ட முடிகிற ஆப் இருந்தால் இன்னும் நல்லது. ஷட்டர் வேகம் 1/125 விநாடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். திரையில் அழகாகத் தெரிகிற அசைவு மங்கல், தாளில் வெறும் கறையாகத்தான் விழும்.

எங்கள் வேலையில் சறுக்கியது வேறு இடம். விநாடிக்கு 30 ஃபிரேம் உள்ள வீடியோ, அதிலிருந்து விநாடிக்கு 12 வேண்டும் என்று சாஃப்ட்வேரில் கொடுத்தோம். நடக்கிற ஆள் நொண்டுகிறார்! 30-ஐ 12-ஆல் வகுத்தால் இரண்டரை. அரை ஃபிரேமை எடுக்க முடியாதே, அதனால் அது ஒரு முறை இரண்டாவதை, அடுத்த முறை மூன்றாவதை என்று மாற்றி மாற்றி எடுத்திருக்கிறது. அதுதான் நொண்டல். 30 என்றால் மூன்றுக்கு ஒன்று எடுங்கள், 10 வரும். 24 என்றால் இரண்டுக்கு ஒன்று, 12. 60 என்றால் ஐந்துக்கு ஒன்று, 12. 25-ல் 12 சரியாக வராது, இரண்டுக்கு ஒன்று எடுத்து 12.5 என்று விட்டுவிடலாம். புரட்டுகிற கை எப்படியும் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று. பல ஃபோன்கள் சீரான வேகத்தில் பதிவதில்லை, இருட்டில் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். முதலில் வீடியோவைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு ஃபிரேம் பிரியுங்கள். கோப்புப் பெயர் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் இருக்கட்டும். 1, 2, 3 என்று வைத்தால் சில சாஃப்ட்வேர் 1-க்கு அடுத்து 10-ஐக் கொண்டுவந்து வைக்கும்.

பதிவு 4

நீங்கள் எல்லாம் தனி ஃபிளிப்புக் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஆல்பத்துக்குள்ளேயே வைக்கிறதைச் சொல்கிறேன். முழுதாகத் தட்டையாக விரிகிற ஆல்பத்தில் பக்க ஓரத்தில் சின்னப் படமாகப் போட்டுப் புரட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். அட்டை மாதிரித் தடிமன், மொத்தமே 20 தாள். விரலை விட்டால் டப், டப், டப் என்று மூன்று சத்தம், படம் முடிந்தது. ஓரத்துப் படம் வேண்டுமானால் 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேட் தாளில், குறைந்தது 40 தாள் உள்ள புக்காக இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் மட்டும், வெளி ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, எல்லாப் பக்கத்திலும் ஒரே உயரத்தில்.

தட்டை ஆல்பத்துக்கு வழி, தனி ஃபிளிப்புக்கை வைக்கப் பின்அட்டையில் குழி. 90x60 மி.மீ. அளவில் 60 தாள், 200 ஜிஎஸ்எம் மேட் என்றால் அழுத்திப் பிடிக்கும்போது ஏறத்தாழ 12 மி.மீ. வரும். குழி 94x64, ஆழம் 14. 2 மி.மீ. கிரே போர்டு (தடித்த சாம்பல் அட்டை) ஏழு அடுக்கு நடுவில் வெட்டி ஒட்டினால் ஆழம் கிடைக்கும். அடியில் ஒரு ரிப்பன் வைத்து ஒட்டாமல் விட்டால்தான் புக்கை வெளியே இழுக்க முடியும். முதல் ஆல்பத்தில் ஃபிளிப்புக்கை ஸ்குரூ போட்டுக் கட்டியிருந்தோம். ஆல்பத்தை மூடி ஒரு மாதம் வைத்திருந்து திறந்தால், எதிர்ப்பக்கத்துக் குடும்பப் படத்தில் நடுவில் நின்றவர் நெற்றியில் வட்டமாக ஸ்குரூ தலையின் பள்ளம். ஸ்குரூ வேண்டாம், பசையில் கட்டுங்கள்.

பதிவு 5

பசை என்று சும்மா சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாதாரண ஹாட் மெல்ட் பசையில் (சூட்டில் உருக்கி ஒட்டுவது) ஆர்ட் பேப்பர் நிற்காது. பத்து நாள் புரட்டினால் நடுவில் ஒரு தாள் கையோடு வரும். பியூஆர் (பாலியூரித்தேன்) பசை கேளுங்கள். இல்லையென்றால் புக்கின் முதுகை (தாள்களைச் சேர்த்துக் கட்டுகிற ஓரம்) சொரசொரப்பாக்கி வெள்ளைப் பசையை இரண்டு கோட் தடவி, மேலே துணி ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள்.

எங்கள் கையில் கெட்டுப்போனது தாளின் நார்ப்போக்கால். எல்லாம் சரியாக இருந்தும் தாள்கள் மூன்று மூன்றாகக் கொத்தாக விழுந்தன. எங்கள் வீடியோவில் ஊஞ்சல் முன்னுக்கு வந்துவிட்டது, பின்னுக்குப் போகிற நேரத்தைக் காணவே இல்லை. நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், எங்களுக்குக் குறுக்கே ஓடியிருந்தது. கண்டுபிடிக்கச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இளக்கமாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக் கோடுதான் நாரின் திசை. பிரிண்ட்டுக்கு முன்னாலேயே இதைப் பார்த்து ஃபிரேமைத் திருப்பி அடுக்க வேண்டும். அச்சான பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

விரல் படுகிற ஓரத்தைப் படிக்கட்டாக வெட்டுவதையும் யாரும் சொல்லவில்லை. பசை போடுவதற்கு முன் தாள்கட்டை லேசாகச் சரித்து, தாளுக்கு 0.1 மி.மீ. கூட வேண்டாம், 60 தாளுக்கு மொத்தம் 4 மி.மீ. இருந்தால் போதும், சரித்த நிலையிலேயே விரல் ஓரத்தை நேராக வெட்டுங்கள். பிறகு முதுகைத் தட்டிச் சமமாக்கினால் ஒவ்வொரு தாளும் முந்தினதைவிடத் துளி நீளமாக நிற்கும். முன்னிருந்து பின்னாகப் புரட்டுகிற புக்கில் முதல் தாள் குட்டை, கடைசித் தாள் நெட்டை.

லேமினேஷன் கூடவே கூடாது, தாளும் தாளும் ஒட்டும். டோனர் பிரிண்ட்டையும் உடனே வெட்டாமல் ஒரு நாள் விட்டு, விசிறி மாதிரி விரித்துக் காற்றாட விடுங்கள். முதல் மூன்று தாளும் கடைசி மூன்று தாளும் கண்ணில் நிற்காது, அங்கே முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் திரும்பப் போடுங்கள்.

பதிவு 6

படிக்கட்டு வெட்டு எல்லோருக்கும் தேவையில்லை. கட்டைப் பின்னால் வளைத்தாலே ஓரம் தானாகச் சரியும். 1868-ல் ஜான் பார்ன்ஸ் லின்னெட் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இந்தப் புத்தகம் விரல் ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது. மியூட்டோஸ்கோப் (கைப்பிடியைச் சுற்றி அட்டைப் படங்களைப் புரட்டிப் பார்க்கிற பழைய கருவி) மெஷினில் ஒவ்வொரு அட்டையையும் ஒரு தடுப்பு நிறுத்தி நிறுத்தி விடும். இங்கே அந்த வேலையை விரல் செய்கிறது. 250 ஜிஎஸ்எம்முக்கு மேல் தடித்த தாளுக்கு வளைவு மட்டும் போதும்.

எங்களை உறுத்துவது திசை. கேக்கில் மெழுகுவர்த்தி ஊதுகிற காட்சி. வாங்கியவர் நாங்கள் நினைத்த மாதிரி மேலிருந்து விடாமல், முழுக் கட்டையும் கட்டைவிரலால் தன் பக்கம் தூக்கிக் கடைசித் தாளிலிருந்து விட்டார். புகை திரும்பி உள்ளே போய், மெழுகுவர்த்தி ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியது. இரண்டு விதத்திலும் புரட்டுகிறவர்கள் உண்டு. அட்டையில் அம்புக்குறி போட்டு, அந்தத் திசைக்கு ஏற்றபடி ஓரத்தை வெட்டுங்கள். தாளின் பின்பக்கத்தில் இன்னொரு காட்சியும் போடலாம். புக்கைத் திருப்பிப் பிடித்தாலும் முதுகு அதே கையில் நிற்கும்படி, அந்தக் காட்சியைத் தலைகீழாக அச்சிட வேண்டும்.

பதிவு 7

முதுகுப் பக்கம் எவ்வளவு இடம் விடுவது? யாரும் சொல்லவில்லையே.

பதிவு 2 எழுதியவர்

90 மி.மீ. அகலத்துக்கு 25 மி.மீ. காலி விடுங்கள், அங்கே கை பிடிக்கும், படம் போட்டால் மடிப்பில் மறையும். மிச்சம் 65-ல் முகம் வெளி ஓரத்துப் பாதியில் இருக்கட்டும். வெட்டுகிற மூன்று ஓரத்திலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுக் கோட்டைத் தாண்டி நீளுகிற படம்). படத்துக்கு வெள்ளை பார்டர் மட்டும் வைக்காதீர்கள், வெட்டுப் பிழை முழுவதும் அந்தக் கோட்டில்தான் தெரியும். 1080 வீடியோ என்றால் இந்த அளவுக்குத் தெளிவு தாராளமாகப் போதும்.