அப்டேட்: ஜெபமே வராம இருந்தப்போ எது உதவுச்சு

அம்மா இறந்த அப்புறம் ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல, என்ன செய்யறதுன்னு மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதல்ல தினமும் ஒரு மணி நேரம் ஜெபம்னு சொன்னத முயற்சி பண்ணேன், நாலே நாள்ல விட்டுட்டேன், குற்ற உணர்ச்சிதான் மிச்சம். வேலை செஞ்சது சொந்தமா வார்த்தை தேடாதீங்க, பைபிள்ல இருக்கற புலம்பல் சங்கீதத்த (துக்கத்த கடவுள்கிட்ட கொட்டற பாட்டு) சத்தமா வாசிங்கன்னு ஒரு அண்ணா சொன்னது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம், ஆரம்பமே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு சண்டை மாதிரிதான். ரெண்டு வாரம் அது மட்டும்தான் வாசிச்சேன், அப்புறம் ஒரு நாள் ராத்திரி அழுகையோட சொந்த வார்த்தையும் வந்துச்சு.

எதிர்பார்க்காதது 88ஆம் சங்கீதம். மத்த புலம்பல் பாட்டெல்லாம் பெரும்பாலும் நம்பிக்கைல முடியும், இது இருட்டுலயே முடியுது, ஆனா எனக்கு அதுதான் ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.

பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசி கதைய (1 இராஜாக்கள் 19) சொன்ன அக்காவுக்கும் தேங்க்ஸ். சாகணும்னு கேட்டவருக்கு தூதன் பிரசங்கம் பண்ணல, சாப்பாடும் தண்ணியும்தான் குடுத்தான். அதுக்கப்புறம்தான் தூக்கத்துக்கு டாக்டரையும் பாத்தேன். துக்கம் போகல, ஆனா ஜெபிக்க முடியுது.